விமானம் ரத்தானால் நாயின் ரத்தப் பரிசோதனை காலாவதியாகாது

கேள்வி: அம்பத்தூரில் வசிக்கிறோம். என் கணவர் பிப்ரவரியிலேயே வேலைக்காக ஜெர்மனி போய்விட்டார். நானும் எங்கள் நாய் மணியும் (நாட்டு நாய், நான்கு வயது, 19 கிலோ) ஜூன் 24 அதிகாலை தோஹா வழியாக பிராங்க்பர்ட் போவதாக இருந்தது. முந்தைய இரவு கத்தார் வான்வெளியை மூடிவிட்டதால் விமானம் ரத்து. எனக்கு மட்டும் ஜூலை 4-க்கு வேறு டிக்கெட் வந்திருக்கிறது. மணிக்கான சுகாதாரச் சான்றிதழ் ஜூன் 19 அன்று வாங்கியது. எல்லாத் தாள்களும் காலாவதி, ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுத்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார் ஏஜென்ட். அப்படி வேண்டாமென்றால் ஜூன் 27 அன்று மணியை மட்டும் வேறு நாட்டு வழியாகக் கார்கோவில் அனுப்பலாம், கணவர் அங்கே வாங்கிக்கொள்ளலாம், அதற்கு இன்னும் 1,60,000 ரூபாய் என்கிறார். பயணத்தின்போது கொடுக்க மாத்திரையும் தந்திருக்கிறார். தடுப்பூசிப் புத்தகத்தின் படங்களை இணைத்துள்ளேன். என்ன செய்வது?

பதில்: பணம் எதுவும் கொடுக்காதீர்கள். மணியின் ரத்தப் பரிசோதனை உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களில், நீங்களும் கேட்காத, உங்கள் ஏஜென்டும் கவனிக்காத ஒரு தேதி இருக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கேள்வி.

மணியிடம் இருப்பவை மூன்று தாள்கள். வெறிநோய்த் தடுப்பூசிப் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவு, சுகாதாரச் சான்றிதழ். மூன்றுக்கும் ஆயுள் வேறு வேறு. இதை மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, ஒரே பெயராக ‘டாக்குமென்ட்ஸ்’ என்று சொல்லி, ஒன்று போனால் எல்லாம் போச்சு என்று மிரட்டுவது இந்தத் தொழிலில் நெடுநாளாக நடக்கிற வித்தை. மருத்துவம் தெரியாதவர்களுக்கு இது புரியாது என்பதுதான் முதலீடு.

ரத்தப் பரிசோதனை எதற்கு? தடுப்பூசி உடம்பில் வேலை செய்ததா என்று பார்க்க. இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழிந்தபின் ரத்தம் எடுக்க வேண்டும். ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வுக்கூடத்தில், மில்லிலிட்டருக்கு 0.5 அலகு அல்லது அதற்கு மேல் எதிர்ப்புத்திறன் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்தே பயணம். மணிக்கு 2024 ஜூலை 2 அன்று ஊசி, ஆகஸ்ட் 20 அன்று ரத்தம். மூன்று மாதம் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. விமானம் ரத்தானது அந்த ரத்தத்துக்குத் தெரியுமா என்ன? பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. இந்த வருடம் இல்லை, அடுத்த வருடமும் இல்லை, ஒரே ஒரு நிபந்தனை காப்பாற்றப்படும்வரை.

காலாவதி ஆகப்போவது சுகாதாரச் சான்றிதழ் ஒன்றுதான். கொடுத்த நாளிலிருந்து பத்து நாள் அதன் ஆயுள். ஜூன் 19 வாங்கியது, 29-உடன் சரி. இங்கே ஒரு நுணுக்கம், இதில் பலர் சறுக்குகிறார்கள். பத்து நாள் என்பது சென்னையில் விமானம் ஏறும் நாள்வரை இல்லை. அங்கே இறங்கி, அதிகாரி தாளைப் பார்க்கும் நேரம்வரை. பத்தாம் நாள் இரவு மீனம்பாக்கத்தில் ஏறி, மறுநாள் காலை பிராங்க்பர்ட்டில் இறங்கினால் அது செல்லாத தாள். இங்கே கவுன்டரில் இருப்பவர் ஏற்றிவிடுவார். அங்கே மாட்டிக்கொள்வது நாய்.

ஆகவே ஜூலை 4 பயணம் என்றால் புதிய சான்றிதழ் வேண்டும். மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு மணியை மறுபடி அழைத்துப்போக வேண்டும், மறுபடி படிவம், மறுபடி தோலுக்கடியில் இருக்கும் அடையாள மைக்ரோசிப்பைப் படித்துப் பார்த்தல். பத்து நாளுக்குமுன் பார்த்த அதே நாய், அதே எண். இந்த வெயிலில் நாயை வரிசையில் உட்காரவைத்து அதே பதினைந்து இலக்கங்களை மறுபடி எழுத வேண்டும். முட்டாள்தனம்தான். ஆனால் இது ஒரு காலை நேர வேலை, மூன்று மாதம் இல்லை.

இந்தப் பத்து நாள் விதியில் ஒரே ஒரு சலுகை எழுதிவைத்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பீர்கள். நாய் கப்பலில் போனால், கடலில் கழிந்த நாட்கள் அளவுக்குக் கெடு நீளும். வானத்தையே மூடிவிட்டால் ஒரு நாள்கூட நீளாது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது, பிறகு 2020 வந்தது, இப்போது இது. இத்தனைக்குப் பிறகும் விதி எழுதுகிறவர்களுக்கு விமானம் நின்றுபோகும் என்று தோன்றவில்லை. 2022-இல் உக்ரைனிலிருந்து வந்த அகதிகளின் நாய், பூனைகளுக்கு ஐரோப்பிய நாடுகள் விதியைத் தளர்த்தின. நல்ல காரியம். அதைக் காட்டி ‘நமக்கும் தளர்த்துவார்கள், பேசிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிக்கெட் ரத்தானவர் அகதி இல்லை.

இப்போது நான் பயப்படும் தேதி.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், தடுப்பூசி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், மங்கிய நீல மையில் எழுதியிருக்கிறது: அடுத்த தவணை 1-7-2025. விமானம் ஜூன் 24 அன்று போயிருந்தால் இதை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. ஜூலை 4-க்குத் தள்ளியதும் அந்தத் தேதி பயணத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. மேலே ஒரே ஒரு நிபந்தனை என்றேனே, அது இதுதான். முந்தைய ஊசியின் ஆயுள் முடிவதற்குள் அடுத்த ஊசி போட்டுவிட்டால் பழைய ரத்தப் பரிசோதனை தொடர்ந்து செல்லும். ஒரு நாள் தவறினாலும் செல்லாது. ஒரு நாள் என்றால் ஒரே நாள்தான். ஜூலை 1 போட்டால் மணி 4-ஆம் தேதி பறக்கலாம். ஜூலை 2 போட்டால் அது முதல் ஊசியாகக் கணக்கு. அதன்பின் முப்பது நாள் கழித்து ரத்தம், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம். நவம்பர் வந்துவிடும்.

இதை மறுபடி மறுபடிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்குமுன் ஒரு குடும்பம் இதே போல விமானம் தள்ளிப்போய், இரண்டாவது சான்றிதழுக்காக வந்தது. தவணை நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லா கிளினிக்கும் மூடியிருக்கும் என்று அவர்களாகவே நினைத்து, திங்கள் காலை முதல் ஆளாகப் போய் நாய்க்கு ஊசி போட்டார்கள். ஒழுங்கானவர்கள்தான். அதிகாரி இரண்டு ஸ்டிக்கர்களையும் பார்த்தார், பென்சிலால் இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டார், புத்தகத்தை மூடித் திருப்பித் தள்ளினார். அந்த வட்டத்தை இன்னும் மறக்கவில்லை நான். குடும்பம் போயிற்று. நாய் நாலரை மாதம் பாட்டி வீட்டில் இருந்தது.

‘ஊசியின் வீரியம் ஒரே நாளில் போய்விடுமா டாக்டர்?’ என்று அந்த அம்மா கேட்டார். போகாது. உடம்புக்கு அது தெரியாது, மருத்துவத்தில் அதற்கு அர்த்தமும் இல்லை. சில மருந்துகள் மூன்று வருடம் தாங்கும் என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறார். ஆனால் நம்மூர்க் கிளினிக்குகளில் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வருடம் என்று எழுதிவிடுவார்கள். எழுதிய தேதியைத்தான் அதிகாரி படிப்பார். அதை இப்போது போய் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்திய தேதியைக் கண்டால் முழுப் புத்தகத்தின் மேலும் சந்தேகம் வரும்.

நாளைக்கே, அதாவது ஜூன் 26 வியாழக்கிழமையே ஊசியைப் போட்டுவிடுங்கள். செவ்வாய் வரை நேரம் இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். தவணைக்குள் போடும் ஊசிக்குக் காத்திருப்பு இல்லை, போட்ட அன்றே செல்லும். ஆனால் நாய் ஒரு நாள் சோர்ந்து கிடக்கலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். அதைத் தாண்டியபின் பரிசோதனைக்குப் போவது நல்லது. ஊசி போடும் முன் மருத்துவரை மைக்ரோசிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். கருவி பீப் என்றதும் திரையில் வரும் பதினைந்து இலக்கங்களைப் புத்தகத்தோடு நீங்களே ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். தொகுதி எண்ணுள்ள ஸ்டிக்கர், தேதி, செல்லும் கடைசி நாள், கையெழுத்து, முத்திரை எல்லாம் அங்கேயே வேண்டும். பழைய ஸ்டிக்கர் உள்ள பக்கம் கிழியாமல் இருக்கட்டும். இரண்டு ஊசிக்கும் நடுவே இடைவெளி இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. ஜூன் 30 அல்லது ஜூலை 1 அன்று சான்றிதழ் வாங்குங்கள். அதில் புதிய ஊசியின் தேதி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விமானம் மறுபடி இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனாலும் அப்போது தாங்கும்.

அடுத்தது, மணியைத் தனியாக அனுப்பும் யோசனை. இதில் உங்கள் ஏஜென்ட் தன் வாயாலேயே மாட்டிக்கொள்கிறார். ரத்தப் பரிசோதனை செல்லாது என்றால் ஜூன் 27 அன்று மணி மட்டும் எப்படிப் போக முடியும்? கூட 1,60,000 கொடுத்தால் ரத்தம் செல்லுமா? இந்தக் கேள்வியை எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராது.

அதைவிடப் பெரிய பொறி ஒன்று இதில் இருக்கிறது. நாயும் உரிமையாளரும் வெவ்வேறு விமானத்தில் போகலாம், தவறில்லை. ஆனால் இருவர் பயணத்துக்கும் ஐந்து நாளுக்குமேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஜூன் 27 மணி, ஜூலை 4 நீங்கள். ஏழு நாள். ஐந்தைத் தாண்டினால் அது வளர்ப்புப் பிராணியின் பயணம் இல்லை, வியாபாரச் சரக்கு. அதற்குச் சான்றிதழ் வேறு, பதிவு வேறு, சோதனை வேறு. ‘கணவர் அங்கே இருக்கிறாரே’ என்பது பதில் ஆகாது. அவர் போனது பிப்ரவரியில். ஐந்து நாள் கணக்கு உரிமையாளரின் பயணத்துக்கு. வாங்கிக்கொள்ள வருபவரின் முகவரிக்கு இல்லை. தடுப்பூசிப் புத்தகம் அவர் பெயரில் இருப்பதையும் கவனித்தேன். புதிய சான்றிதழில் உரிமையாளர் இடத்தில் பயணம் செய்யும் உங்கள் பெயர் வர வேண்டும். நாளை ஊசி போடும்போதே புத்தகத்திலும் உங்கள் பெயரைச் சேர்த்து முத்திரை வாங்கிவிடுங்கள். சில ஏஜென்ட்கள் வேலை சுலபமாக இருக்கட்டும் என்று சொல்லித் தங்கள் ஆளின் பெயரையே உரிமையாளராகப் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

‘வேறு நாட்டு வழி’ என்பதையும் விளக்கச் சொல்லுங்கள். இந்த நேரத்தில் இடைநிலையம் எதுவானாலும் அங்கே நாய் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மனிதரைச் சிக்கல் வந்தால் ஓட்டலில் தங்கவைப்பார்கள். நாய் விமான நிலையத்தை விட்டு வெளியே வர அந்த நாட்டின் இறக்குமதி அனுமதி வேண்டும். அது உங்களிடம் இருக்காது. அப்புறம் சரக்குக் கிடங்கில் கூண்டுக்குள்ளேயே எத்தனை மணி நேரம் என்று யாருக்கும் தெரியாது. என் யோசனை, முடிந்தால் இடைநிலையமே இல்லாமல் போங்கள். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் நேரடி விமானம் இருக்கிறது. பிராங்க்பர்ட்டில் சரக்காக வரும் விலங்குகளுக்கென்றே மருத்துவர்களோடு தனிக்கூடம் 2008 முதல் இயங்குகிறது. மணி 19 கிலோ, கேபினுக்குள் போக முடியாது, கூண்டோடு எட்டுக் கிலோதான் அங்கே எல்லை. கீழ்த்தளத்தில்தான். ரத்தான டிக்கெட்டின் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், நாய்க்குக் கட்டியதையும் சேர்த்து. ஒரு டிக்கெட்டுக்குக் கூடுதலாகச் செலவானாலும், ஏஜென்ட் கேட்கும் தொகையைவிடக் குறைவாகத்தான் வரும் என்று நினைக்கிறேன்.

விமான நிறுவனங்கள் பற்றி ஒரு வார்த்தை. உங்களுக்கு மட்டும் ஜூலை 4 டிக்கெட் தானாக வந்தது, மணிக்கு வரவில்லை, கவனித்தீர்களா? எப்போதும் அப்படித்தான். மனிதர்களைக் கணினி தானே மாற்றி ஏற்றிவிடும், நாயின் இடம் தனிப் பதிவு. அதை யாராவது கையால் மாற்ற வேண்டும். அந்த யாராவது போனை எடுக்க மாட்டார். மாற்று விமானம் வேறு வகை விமானமாக இருக்கலாம், அதன் கீழ்த்தளத்தில் விலங்கு ஏற்ற வசதி இல்லாமலும் போகலாம். ஏற்கெனவே வேறு நாய்களுக்கு இடம் போயிருக்கலாம். ஆகவே செயலியில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்துவதற்கு முன், நாய்க்கு அதே விமானத்தில் இடம் உறுதி என்ற வரியை மின்னஞ்சலில் வாங்குங்கள். அழுத்திவிட்டீர்கள் என்றால் இன்றே கூப்பிடுங்கள். எமிரேட்ஸ் கேபினில் நாய்க்கும் பூனைக்கும் இடமில்லை, பார்வையற்றோரின் வழிகாட்டி நாயைத் தவிர. ஆனால் பாகிஸ்தானின் சில ஊர்களுக்கு வல்லூறு போகலாம். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நமது நாட்டு நாய்களுக்கு இறக்கை முளைக்கவில்லையே என்று தோன்றும்.

ஏஜென்டை இனி வைத்துக்கொள்வதா என்பது உங்கள் முடிவு. எல்லோரும் மோசமில்லை, என்னிடமே இரண்டு மூன்று நல்லவர்களின் எண் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆளிடம் முதலில் மூலத் தாள்களைத் திரும்ப வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையின் மூல அறிக்கை அவரிடம் இருக்கும்வரை பேரம் அவர் கையில். ‘குவாரண்டைன் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்’ என்பார். அறிக்கையின் மூலத்தை அங்கே யாரும் வைத்துக்கொள்வதில்லை, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். பிறகு செலவைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: விமான நிறுவனத்துக்கு எவ்வளவு, கூண்டுக்கு எவ்வளவு, அரசுக் கட்டணம் எவ்வளவு, அவருக்கு எவ்வளவு. அரசுக் கட்டணத்தின் ரசீதைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும். நாடாப்புழு மருந்து என்று ஒரு வரி இருந்தால் அதையும் கேளுங்கள். பின்லாந்து, அயர்லாந்து, மால்டா, நார்வே, பிரிட்டன் போகும் நாய்க்கு அது கட்டாயம், ஜெர்மனிக்கு இல்லை.

கடைசியாக அந்த மாத்திரை. கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்த நாயைப் பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை, ஏற்றினாலும் ஆபத்து. உயரத்தில் ரத்த அழுத்தமும் மூச்சும் மாறும்போது, மயக்கத்தில் இருக்கும் நாயால் நிலையாக நிற்கவும் முடியாது, உடம்பின் சூட்டைச் சரிசெய்துகொள்ளவும் முடியாது. கீழ்த்தளத்தில் அதைப் பார்க்க யாரும் இல்லை. மாத்திரை எழுதிக்கொடுக்க ஏஜென்ட் யார் என்று கேட்கலாம், ஆனால் நேரம் வீண்.

மாத்திரை செய்யும் வேலையைக் கூண்டு செய்யும். மணி அதில் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். நீளத்துக்கு மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, முன்னங்காலின் உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். அகலத்துக்குத் தோள் அகலத்தின் இரண்டு மடங்கு. பிளாஸ்டிக் கிளிப்பை நம்பாமல் மேல்பாதியையும் கீழ்பாதியையும் இரும்புத் திருகாணியால் இறுக்குங்கள். கதவில் மாட்டும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி முந்தைய இரவு உறையவைத்துவிடுங்கள். ஏற்றும்போது சிந்தாது, மேலே போகப்போக உருகிக் குடிக்கக் கிடைக்கும். இன்று மாலையே கூண்டைக் கூடத்தில் வைத்துக் கதவைக் கழற்றிவிடுங்கள். உள்ளே உங்கள் பழைய பருத்திச் சேலை ஒன்றை, துவைக்காததாக, மடித்துப் போடுங்கள். சாப்பாட்டுத் தட்டு அதற்குள்தான். முதல் நாள் தலையை மட்டும் நுழைத்துத் தின்றுவிட்டு ஓடும். கட்டாயப்படுத்தாதீர்கள், ஜூலை 4 வரை ஒன்பது இரவுகள் இருக்கின்றன.